இருமல் மருந்துப் புட்டியும் கர்னல் சோப்ராவும்

பாகூரில் ஒரு மருந்துக் கடை. விளக்கு வைக்கும் நேரம். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வந்து நின்றாள்.

"அண்ணா, பாப்பாவுக்கு இருமல். ராத்திரி பூரா தூங்கல. ஒரு பாட்டில் குடுங்க."

கடைக்காரர் அலமாரியிலிருந்து ஒரு புட்டியை எடுத்துக் கொடுத்தார். அவள் பணத்தைக் கொடுத்தாள். புட்டியைப் பைக்குள் போட்டுக் கொண்டு போய்விட்டாள்.

டாக்டர் சீட்டு இல்லை. பில் இல்லை. "குழந்தைக்கு என்ன வயது அம்மா?" என்ற கேள்வியும் இல்லை. எல்லாம் அரை நிமிஷத்தில் முடிந்தது.

இது நான் கண்ணால் கண்டது. கடையின் பெயர் வேண்டாம். அந்தக் கடைக்காரர் கெட்டவர் அல்ல. அந்தப் பெண்ணும் அசட்டை உள்ளவள் அல்ல. ஊர் உலகத்தில் எல்லோரும் இப்படித்தான் வாங்குகிறோம். நானும் இப்படி வாங்கியவன்தான். காய்கறிக் கடையில் கத்தரிக்காயைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறோம். சொத்தையா என்று அழுத்திப் பார்க்கிறோம். மருந்துக் கடையில் மட்டும் கொடுத்ததை வாங்கிக் கொண்டு வருகிறோம்!

அந்தப் புட்டியைப் பார்த்தபோது எனக்கு ஒரு மனிதரின் நினைவு வந்தது. அவர் ஒரு பட்டாளத்து டாக்டர். பஞ்சாபில் பிறந்தவர். பாகூரையோ வில்லியனூரையோ அவர் கேள்விப்பட்டிருப்பாரோ, என்னவோ! ஆனால் அந்தப் புட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சிறிய சீட்டுக்கும் அவருக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. புட்டிக்குள் இருக்கும் மருந்துக்கும் சம்பந்தம் உண்டு.

அவர் பெயர் ராம்நாத் சோப்ரா. கர்னல் சர் ராம்நாத் சோப்ரா. "இந்திய மருந்தியலின் தந்தை" என்று டாக்டர்கள் அவரைச் சொல்வார்கள். மருந்தியல் என்றால் என்ன? ஒரு மருந்து உடம்புக்குள் போய் எங்கே என்ன செய்கிறது, எவ்வளவு கொடுத்தால் குணம், எவ்வளவு கொடுத்தால் நஞ்சு என்று ஆராயும் சாஸ்திரம்.

தந்தை என்ற பட்டம் நமக்குப் பெரிதல்ல. அவரிடம் இருந்த ஒரு பழக்கம்தான் பெரிது. எந்த மருந்தையும் சோதிக்காமல் அவர் நம்பமாட்டார். சீமையிலிருந்து வந்ததா, நம் ஊர் வேலியில் முளைத்ததா என்று பார்க்கமாட்டார். இரண்டையும் ஒரே தராசில் வைப்பார். அந்தப் பழக்கம் நம் வீடுகளுக்கு வரவில்லை. வராததால் இன்றும் குழந்தைகள் சாகின்றன. இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பட்டாளத்தில் சேர்ந்தார்

சோப்ரா 1882-ஆம் ஆண்டு குஜ்ரன்வாலாவில் பிறந்தார். அந்த ஊர் இன்று பாகிஸ்தானில் இருக்கிறது. லாகூரில் படித்தார். 1903-ல் கப்பல் ஏறி இங்கிலாந்து சென்றார். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் சேர்ந்தார்.

அங்கே டிக்சன் என்ற பேராசிரியர் இருந்தார். மருந்தியல் அப்போது புதிய சாஸ்திரம். அதை அங்கே சொல்லிக் கொடுத்தவர் அவர். சோப்ரா அவரிடம் ஆராய்ச்சி செய்யக் கற்றுக் கொண்டார்.

1908-ல் இந்திய மருத்துவ சர்வீஸில் சேர்ந்தார். இது ராணுவத்தைச் சேர்ந்தது. கலெக்டர் பரீட்சையைப் போல இதற்கும் லண்டனில் போட்டிப் பரீட்சை உண்டு. வெள்ளைக்காரர்களே நிறைந்திருந்த இடம் அது. இந்தியர் நுழைவது லேசான காரியம் அல்ல.

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. சோப்ரா கிழக்கு ஆப்பிரிக்கப் போர்முனைக்குப் போனார். காடும் சதுப்பு நிலமுமான பூமி அது. அங்கே குண்டு பட்டு விழுந்தவர்களைவிட நோயில் விழுந்தவர்களே அதிகம். முக்கியமாக மலேரியாக் காய்ச்சல். பின்பு 1919-ல் ஆப்கன் யுத்தத்திலும் பணி செய்தார்.

போர்முனையில் இருக்கும் டாக்டருக்கு மருந்துப் பெட்டிதான் ஆயுதம். பெட்டியில் இருக்கும் கொயினா நல்ல கொயினாவாக இருந்தால் சிப்பாய் பிழைப்பான். மட்டமான சரக்காக இருந்தால் சாவான். சிப்பாயாவது தன் துப்பாக்கியைத் துடைத்து, சுட்டுப் பார்த்துக் கொள்ளலாம். டாக்டர் தன் மாத்திரையை எப்படிச் சுட்டுப் பார்ப்பது?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதில்தான் சோப்ராவின் மீதி வாழ்நாள் சென்றது என்று எனக்குத் தோன்றுகிறது.

புகை படிந்த காகிதம்

1921-ல் கல்கத்தாவுக்கு வந்தார். உஷ்ணப் பிரதேச நோய்களை ஆராய அங்கே ஒரு பெரிய கல்விச்சாலை அப்போதுதான் தொடங்கியிருந்தது. அதில் மருந்தியல் பேராசிரியர் ஆனார். இந்தியாவில் அந்தப் பதவிக்கு அவரே முன்னோடி. 1941 வரை, 20 வருஷம் அங்கே உழைத்தார்.

ஒரு பச்சிலையில் குணம் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? அந்தக் காலத்து முறை இது. முதலில் இலையையோ வேரையோ சாராயத்திலும் அமிலத்திலும் ஊற வைத்து, அதில் உள்ள சத்தைத் தனியே பிரிப்பார்கள். மயக்கம் கொடுத்த பூனைக்கோ நாய்க்கோ அந்தச் சத்தை ஊசியில் ஏற்றுவார்கள். பக்கத்தில் ஓர் உருளை மெதுவாகச் சுற்றிக் கொண்டிருக்கும். உருளையின் மேல் புகை படியவைத்த கறுப்புக் காகிதம். பிராணியின் ரத்தக் குழாயோடு இணைத்த ஒரு நெம்புகோல் அந்தப் புகையின் மேல் கீறிக் கொண்டே போகும். ரத்த அழுத்தம் ஏறினால் கோடு ஏறும். இறங்கினால் கோடு இறங்கும்.

வைத்தியர் என்ன சொன்னார், பாட்டி என்ன சொன்னாள், சீமைக் கம்பெனி விளம்பரத்தில் என்ன போட்டான் என்பதெல்லாம் அந்தக் கோட்டுக்குத் தெரியாது. நடந்ததைத்தான் கீறும்.

இப்படி ஒன்றல்ல, இரண்டல்ல. நூற்றுக்கணக்கான மூலிகைகளைச் சோப்ராவும் அவர் மாணவர்களும் ஆராய்ந்தார்கள். மூக்கிரட்டை, குடசப்பாலைப் பட்டை, ஆடாதோடை எல்லாம் அந்த உருளைக்கு முன்னால் வந்து நின்றன. சிலவற்றில் குணம் தெரிந்தது. பலவற்றில் சொன்ன அளவு குணம் இல்லை. இருந்ததை இருக்கிறது என்றும், இல்லாததை இல்லை என்றும் எழுதினார். 1933-ல் "இந்தியாவின் நாட்டு மருந்துகள்" என்ற பெரிய புத்தகத்தை இங்கிலீஷில் வெளியிட்டார்.

இந்த வேலையில் அவருடைய நோக்கம் என்ன? நம் நாட்டில் விளையும் மருந்துகளைக் கொண்டே நம் தேவையைப் பூர்த்தி செய்ய வேண்டும். நாட்டு வைத்தியத்தில் உள்ள நல்ல மருந்துகளை டாக்டர்களும் பயன்படுத்தும்படி செய்ய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏழைக்கு எட்டும் விலையில் மருந்து கிடைக்க வேண்டும். பட்டாளத்து உடுப்புப் போட்டிருந்தாலும் நினைப்பெல்லாம் ஏழையின் மடியில் இருக்கும் காசைப் பற்றித்தான்!

வேலியில் முளைத்த மருந்து

ஆடாதோடையை நம் ஊரில் தெரியாதவர் இல்லை. வேலி ஓரத்தில் தழைத்து நிற்கும். ஆடுகூடத் தொடாது, அவ்வளவு கசப்பு. சளி, இருமல் என்றால் அதன் இலையைக் கஷாயம் போட்டுக் கொடுப்பார்கள். என் பாட்டியும் கொடுத்திருக்கிறாள். மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றுவாள்.

1925-லேயே சோப்ரா இந்த ஆடாதோடையை ஆராய்ந்து எழுதினார். அதன் இலையில் வாசிசின் என்ற சத்து இருக்கிறது. அது மூச்சுக் குழாயில் வேலை செய்கிறது. பாட்டி சொன்னதில் விஷயம் இருந்தது!

பிற்காலத்தில் ஜெர்மன் கம்பெனி ஒன்றின் நிபுணர்கள் இந்த வாசிசினை மாதிரியாக வைத்துக் கொண்டு புரோம்ஹெக்சின் என்ற மருந்தைச் செய்தார்கள். சளியை இளக்க இன்று டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் பல இருமல் மருந்துகளில் அது இருக்கிறது. வேலியில் நின்ற செடி கடல் கடந்து போய், கலர் காகிதம் ஒட்டிய புட்டியில் திரும்பி வந்திருக்கிறது.

ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே வாசிசின் கர்ப்பப்பையையும் சுருங்கச் செய்யக் கூடியது. ஆகவே கர்ப்பிணிகள் ஆடாதோடைக் கஷாயம் குடிக்கக் கூடாது. "பச்சிலைதானே, என்ன செய்துவிடும்?" என்று நம் வீடுகளில் சொல்கிறோம். நன்மை செய்யும் சக்தி உள்ளது எதுவும் தீமையும் செய்யும். சக்தியே இல்லாததுதான் ஒன்றும் செய்யாது.

மூலிகைகளைப் பற்றி எழுதிய முதல் ஆள் சோப்ரா அல்ல. நம் பக்கத்திலேயே முன்னோடிகள் உண்டு. சென்னைப் பட்டாளத்தில் ஒயிட்லா ஐன்ஸ்லி என்ற வெள்ளைக்கார டாக்டர் இருந்தார். 1813-லேயே அவர் நம் கடைச் சரக்குகளைத் தமிழ்ப் பெயர்களோடு பட்டியல் போட்டுச் சென்னையில் புத்தகம் அச்சிட்டார். பிறகு திருவல்லிக்கேணியில் வைத்தியம் பார்த்த மொகிதீன் ஷெரீப் என்பவர் 1869-ல் இதை இன்னும் விரிவாகச் செய்தார். இவர்கள் பெயரையும் உபயோகத்தையும் சேர்த்து வைத்தார்கள். சோப்ரா ஒவ்வொன்றையும் எடுத்து, "நீ சொல்வது மெய்தானா?" என்று ஆய்வுக்கூடத்தில் நிறுத்திக் கேட்டார்.

சர்ப்பகந்தியின் கதை மிகவும் பிரசித்தம். அதன் வேரைப் பைத்தியத்துக்கும் தூக்கமின்மைக்கும் வடநாட்டு வைத்தியர்கள் கொடுத்து வந்தார்கள். 1931-ல் சென், போஸ் என்ற இரு வங்காள டாக்டர்கள் அதன் குணத்தைப் பற்றி எழுதினார்கள். 1933-ல் சோப்ராவும் சகாக்களும் அதன் சத்தைப் பிரித்துச் சோதித்தார்கள். ரத்த அழுத்தம் இறங்குவதை எடுத்துக் காட்டினார்கள். 1949-ல் பம்பாய் டாக்டர் வக்கீல் தம் நோயாளிகளிடம் கண்ட பலனை இங்கிலாந்துப் பத்திரிகையில் எழுதினார். அதன் பிறகுதான் உலகம் கண் விழித்தது! 1952-ல் சுவிட்சர்லாந்தில் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற மருந்தைப் பிரித்தார்கள். ரத்த அழுத்தத்துக்கு முதன்முதலில் நன்றாக வேலை செய்த மருந்துகளில் அது ஒன்று. பின்னால் அதைவிட நல்ல மருந்துகள் வந்துவிட்டன. ரெசர்பின் சிலருக்கு மனச் சோர்வைக் கொண்டுவந்ததால் இப்போது அதை அதிகம் கொடுப்பதில்லை.

கொயினாவில் மோசடி

இவ்வளவும் புட்டிக்கு உள்ளே இருப்பதைப் பற்றிய கதை. இனிப் புட்டியின் மேல் இருக்கும் சீட்டைப் பற்றிச் சொல்கிறேன். என்னைக் கேட்டால் சோப்ராவின் பெரிய காரியம் இதுதான்.

1920-களில் இந்தியாவில் மருந்து விற்கக் கட்டுப்பாடு கிடையாது என்றே சொல்லலாம். யார் வேண்டுமானாலும் செய்யலாம். யார் வேண்டுமானாலும் விற்கலாம். வெளிநாட்டில் தள்ளிவிட்ட சரக்கெல்லாம் இங்கே வந்து குவிந்தது. மலேரியாவுக்கு முக்கிய மருந்து கொயினா. நீலகிரியில் நடுவட்டத்தில் சர்க்காரே சிங்கோனா மரம் வளர்த்துக் கொயினா தயாரித்தது. தபாலாபீசில்கூடக் கொயினாப் பொட்டலம் விற்ற காலம் அது. அப்படிப்பட்ட கொயினாவிலேயே கலப்படம்! சீட்டில் போட்ட அளவு உள்ளே இருக்காது. காய்ச்சலில் கிடந்தவன் வாங்கித் தின்பான். "மருந்து தின்றும் போய்ச் சேர்ந்தான். விதி!" என்று ஊரார் சொல்லிக் கொள்வார்கள்.

கூச்சல் அதிகமாயிற்று. 1930 ஆகஸ்டில் சர்க்கார் ஒரு விசாரணைக் கமிட்டி போட்டது. தலைவர் சோப்ரா. கமிட்டியில் கேயஸ் என்ற பிரெஞ்சுப் பாதிரியாரும் ஓர் அங்கத்தினர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் ரசாயனம் போதித்தவர் அவர். கமிட்டி ஊர் ஊராகச் சென்று விசாரித்தது. 1931-ல் அறிக்கை கொடுத்தது.

அறிக்கை என்ன சொன்னது? நாடு முழுவதற்கும் ஒரே மருந்துச் சட்டம் வேண்டும். மருந்தைச் சோதிக்க மத்தியிலும் மாகாணங்களிலும் ஆய்வுக்கூடங்கள் வேண்டும். மருந்து கலந்து கொடுப்பவர் அதற்கென்று படித்தவராக இருக்க வேண்டும்.

இதெல்லாம் இன்று சாதாரணமாகத் தோன்றுகிறது. அன்று சட்டம் வர 9 வருஷம் ஆயிற்று! 1940-ல் மருந்துச் சட்டம் நிறைவேறியது. 1945-ல் விதிகள் வந்தன. 1948-ல் மருந்தாளுநர் சட்டம் வந்தது. புட்டியின் மேல் கம்பெனியின் பெயர், லைசென்ஸ் நம்பர், பேட்ச் நம்பர், தயாரித்த தேதி, காலாவதித் தேதி என்று பொடி எழுத்தில் இருக்கிறதே, அதெல்லாம் இந்த வழியில் வந்தவைதான்.

பேட்ச் நம்பர் என்பது ஒரே தடவையில் ஒன்றாகக் காய்ச்சிய மருந்துக்கு இடும் அடையாளம். ஒரு புட்டியில் கோளாறு தெரிந்தால், அதே நம்பர் உள்ள புட்டிகளையெல்லாம் எந்த ஊரில் இருந்தாலும் திரும்பப் பிடித்துவிடலாம். ஒரு பிள்ளைக்கு நேர்ந்தது இன்னொரு பிள்ளைக்கு நேராமல் தடுப்பது அந்தச் சிறிய நம்பர்தான்.

1941-ல் வெள்ளைக்கார சர்க்கார் சோப்ராவுக்குச் "சர்" பட்டம் கொடுத்தது. நாட்டில் தனிநபர் சத்தியாக்கிரகம் செய்து ஆயிரக்கணக்கானவர்கள் ஜெயிலில் இருந்த சமயம். பட்டத்தை அவர் வாங்கிக் கொண்டார். இதை மறைக்க வேண்டியதில்லை. ஜெயிலுக்குப் போனவர்களின் கடன் ஒரு விதம், இவருடைய கடன் வேறு விதம் என்றுதான் நான் எடுத்துக் கொள்கிறேன்.

கல்கத்தாவிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு காஷ்மீருக்குப் போனார். ஜம்முவில் மருந்து ஆராய்ச்சிச் சாலையை வளர்த்தார். 1946-ல் நாட்டு வைத்திய முறைகளைப் பற்றி ஆராய இன்னொரு கமிட்டிக்கும் தலைவரானார். நாட்டு வைத்தியமும் மேல்நாட்டு வைத்தியமும் ஒன்றாகக் கலக்க வேண்டும் என்று 1948-ல் அந்தக் கமிட்டி சொன்னது. அது நடக்கவில்லை. இன்றும் அந்தப் படிப்பு வேறு, இந்தப் படிப்பு வேறு. 1973-ல் தமது 90-வது வயதில் சோப்ரா காலமானார். 1983-ல் தபால் தலை போட்டார்கள்.

பாகூருக்கு எப்போது வந்தது?

1940-ல் வந்த சட்டம் பாகூருக்கும் வில்லியனூருக்கும் வரவில்லை. ஏன்? இங்கே பிரெஞ்சு ஆட்சி! கடலூர் பக்கத்தில் ஒரு சட்டம். வரப்பைத் தாண்டிப் பாகூர் பக்கம் வந்தால் வேறு சட்டம். வில்லியனூர்த் தேருக்குப் பிரெஞ்சுக் கவர்னர் வந்து வடம் பிடித்த காலம் அது.

புதுச்சேரி வைத்தியத்தில் பின்தங்கிய ஊர் அல்ல. 1823-லேயே இங்கே பிரெஞ்சுக்காரர்கள் வைத்தியப் பள்ளிக்கூடம் வைத்தார்கள். சென்னையில் வைத்தியப் பள்ளி வந்தது 1835-ல்தான். இது நாம் பெருமையாகச் சொல்லிக் கொள்ளக் கூடிய விஷயம்.

1954 நவம்பர் 1-ந் தேதி ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்டு 16-ல் சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்தோம். 1963-ல் இந்தியச் சட்டங்கள் பலவற்றை இங்கே கொண்டுவந்தபோது மருந்துச் சட்டமும் வந்தது. ஆக, சோப்ராவின் அறிக்கை கல்கத்தாவிலிருந்து பாகூர் வந்து சேர 32 வருஷம் பிடித்தது!

சட்டம் வந்துவிட்டது. ஆனால் மருந்துக் கடைக் கல்லாப்பெட்டி வரையில் வந்ததா? அந்தப் பெண் வாங்கிக் கொண்டு போன புட்டியைப் பார்த்தால் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

தித்திக்கும் நஞ்சு

இருமல் மருந்து பாகாக இருக்க வேண்டும். மருந்து அதில் நன்றாகக் கரைய வேண்டும். இதற்காகக் கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால் போன்றவற்றைச் சேர்ப்பார்கள். இவற்றால் தீங்கில்லை. ஆனால் டை எதிலீன் கிளைக்கால் என்று ஒன்று உண்டு. ஆலைகளில் பயன்படுவது. பார்வைக்கு மற்றவற்றைப் போலவே இருக்கும். அதுவும் தித்திக்கும். விலையும் மலிவு. ஆனால் நஞ்சு! உள்ளே போனால் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். குழந்தை வாந்தி எடுக்கும். பிறகு சிறுநீர் கழிப்பது குறையும், நின்றுவிடும்.

1937-ல் அமெரிக்காவில் இந்த நஞ்சு கலந்த மருந்தைக் குடித்து 100 பேருக்கு மேல் இறந்தார்கள். மறு வருஷமே அங்கே கடுமையான சட்டம் வந்துவிட்டது.

நம் நாட்டில்? 1972-ல் சென்னையில் குழந்தைகள் இறந்தன. 1986-ல் பம்பாயில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் 14 பேர் இறந்தனர். 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் 10-க்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தன. எங்கே தெரியுமா? ஜம்மு பிரதேசத்தில்! எந்த ஜம்முவில் சோப்ரா மருந்து ஆராய்ச்சிச் சாலையை வளர்த்தாரோ, அதே ஜம்முவில்.

2022-ல் இந்தியாவிலிருந்து போன மருந்தைக் குடித்ததாக ஆப்பிரிக்காவில் காம்பியா நாட்டில் 70 குழந்தைகள் வரை இறந்ததாகப் புகார் எழுந்து உலகமெல்லாம் பேசப்பட்டது.

2025-ல் மத்தியப் பிரதேசத்தில் 20-க்கும் மேற்பட்ட சிறு குழந்தைகள் இறந்தன. அந்த இருமல் மருந்து எங்கே தயாரானது? காஞ்சிபுரம் மாவட்டத்தில்! நமக்குப் பக்கத்து வீடு மாதிரி. தமிழ்நாட்டு அரசின் ஆய்வில் அந்தப் பாகில் நூற்றுக்கு 48 பங்குக்கு மேல் இந்த நஞ்சு இருந்தது தெரிந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு நூற்றில் ஒன்றைப் பத்தாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இந்த நஞ்சைக் கண்டுபிடிப்பது கஷ்டமான வித்தை அல்ல. ஆய்வுக்கூடத்தில் சோதித்தால் தெரிந்துவிடும். வாங்கிய சரக்கை ஒவ்வொரு பீப்பாயாகச் சோதித்த பிறகே கம்பெனி மருந்து காய்ச்ச வேண்டும். காய்ச்சிய பிறகு ஒவ்வொரு பேட்ச்சையும் சோதிக்க வேண்டும். விதி இப்படித்தான் சொல்கிறது. சோதிக்காமல் விட்டதால்தான் குழந்தைகள் செத்தன. புகை படிந்த காகிதத்தோடு 20 வருஷம் மல்லுக்கட்டிய மனிதர் பிறந்த நாட்டில் இப்படி நடந்தது.

சர்க்காருக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. 20 குழந்தைகள் செத்த பிறகு புட்டியைச் சோதித்துப் பயன் என்ன? கொம்யூன் கடைகளிலிருந்து புட்டிகளை எடுத்துச் சோதிக்கட்டும். முடிவை எல்லோரும் படிக்கும்படி தமிழில் எழுதிப் பஞ்சாயத்து வாசலில் ஒட்டட்டும். தேர்த் திருவிழாவுக்கும் தேர்தலுக்கும் சுவர் கிடைக்கிறது. இதற்குக் கிடைக்காதா?

நாட்டு மருந்துக் கடைக்கும் இதே தராசுதான். "இங்கிலீஷ் மருந்தே விஷம், நாட்டு மருந்தே அமிர்தம்" என்று ஒரு கட்சி. "நாட்டு மருந்தெல்லாம் மூடநம்பிக்கை" என்று இன்னொரு கட்சி. டீக்கடையில் இரண்டு கட்சியும் மணிக்கணக்கில் சண்டை போடுகின்றன. பெயர் இல்லாத சூரணப் பொட்டலத்தையும், பெயர் மட்டும் உள்ள பாகுப் புட்டியையும் சோப்ரா ஒரே பார்வைதான் பார்த்திருப்பார்.

நம் கையில் இருப்பது

தாய்மார்கள் தெரிந்து கொள்ள வேண்டியது இது. 2 வயது ஆகாத குழந்தைக்கு இருமல் பாகு கொடுக்கக் கூடாது என்று மத்திய அரசின் சுகாதார இலாகா 2025 அக்டோபரில் அறிவித்திருக்கிறது. 5 வயது வரையில் பொதுவாக வேண்டாம் என்றும், அதற்கு மேலும் டாக்டர் பார்த்துச் சொன்னால்தான் என்றும் சொல்லியிருக்கிறது. சளி இருமல் பெரும்பாலும் தானே ஆறிவிடும். பால், வெந்நீர், ஓய்வு போதும். குழந்தை மூச்சுவிடத் திணறினாலும், பால் குடிக்க மறுத்தாலும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக் கொண்டு ஓட வேண்டும். ஏதாவது மருந்து கொடுத்த பிறகு சிறுநீர் குறைந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. புட்டியையும் கையோடு எடுத்துப் போக வேண்டும்.

வாங்கும்போது சீட்டைப் படியுங்கள். தேதியைப் பாருங்கள். பில் கேளுங்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களுக்கும் இது முடியும். தேதி எண்ணில்தான் இருக்கிறது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளை வீட்டில் இருந்தால் அதைப் படிக்கச் சொல்லுங்கள். பில் கேட்டால் கடைக்காரர் கோபித்துக் கொள்வாரோ என்று பயம். கோபித்துக் கொண்டால் கொள்ளட்டுமே!

இந்தக் கட்டுரையை எழுத உட்காரும் முன் மறுபடியும் அந்தப் பாகூர்க் கடைக்குப் போனேன். தலைவலிக்கு ஒரு பட்டை மாத்திரை கேட்டேன். பில்லும் கேட்டேன்.

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பத்து ரூபாய் மாத்திரைக்கா சார்?"

"ஆமாம். பேட்ச் நம்பரும் போட்டுக் கொடுங்கள்."

அவர் மேஜை டிராயரைத் திறந்தார். பில் புத்தகத்தைத் தேடி எடுத்தார். கண்ணாடியை மாட்டிக் கொண்டு பட்டையைத் திருப்பிப் பிடித்து, பொடி எழுத்தில் இருந்த நம்பரை ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதினார். பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர் அதைப் பார்த்துக் கொண்டே இருந்தார். என் பில் முடிந்ததும் தம் கையில் இருந்த மருந்துப் பொட்டலத்தைக் கல்லாவின் மேல் வைத்தார்.

"எனக்கும் அது மாதிரி ஒண்ணு எழுதிக் குடுப்பா" என்றார்.